ஆஸ்திரேலிய அரசுப் பணியில் ஏஜென்சி ஊழியர்களுக்குச் சம ஊதியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலிய மத்திய அரசுத் துறைகளில் வேலை செய்துகொண்டு, சம்பளத்தை மட்டும் வேறொரு நிறுவனத்திடம் வாங்கும் தமிழர்கள் பலர் இருக்கிறார்கள். நானும் 14 மாதங்கள் அப்படி ஓர் அலுவலகத்தின் தொலைபேசிப் பிரிவில் இருந்தேன். அன்று முதல் இன்று வரை நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். 2023-இல் வந்த சம ஊதியச் சட்டம்தான் இவற்றின் மையம்.

ஏஜென்சி ஊழியர் என்றால் யார்?

உங்களை வேலைக்கு எடுத்தது ஒரு தனியார் நிறுவனம். உட்கார்ந்து வேலை செய்வது அரசு அலுவலகத்தில். வேலையைச் சொல்பவரும், விடுப்புக்குத் தலையசைப்பவரும், தவற்றைச் சுட்டிக்காட்டுபவரும் அரசு மேலாளர். வாராவாரம் டைம்ஷீட்டில் கையெழுத்து வாங்கி ஏஜென்சிக்கு அனுப்பினால் சம்பளம் வரும். அரசு ஏஜென்சிக்கு மணிக்கு இவ்வளவு என்று கொடுக்கும்; ஏஜென்சி தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை உங்களுக்குக் கொடுக்கும். இதைத்தான் ஆஸ்திரேலியாவில் 'லேபர் ஹயர்' என்கிறார்கள்.

அரசே நேரடியாக ஆள் எடுக்காமல் ஏன் இப்படிச் செய்தது?

ஒரு காலத்தில் அரசுப் பணியாளர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருந்தது. 2006–07 ஆண்டில் இருந்த அளவான 167,596-ஐத் தாண்டக் கூடாது என்பது அன்றைய அரசின் கொள்கை. வேலை குறையவில்லை, ஆள் எடுக்க மட்டும் அனுமதி இல்லை. துறைகள் என்ன செய்யும்? ஆள் செலவாகக் காட்ட முடியாததை ஒப்பந்தச் செலவாகக் காட்டின. ஏஜென்சி ஆள் உச்சவரம்புக் கணக்கில் வரமாட்டார்.

2022-இல் ஆட்சி மாறிய பிறகு அந்த வரம்பு நீக்கப்பட்டது. பிறகு நடந்த கணக்கெடுப்பு 2023 மே மாதம் வெளியானபோது பலர் திகைத்துப் போனார்கள். 2021–22 என்ற ஒரே ஆண்டில், முழுநேரக் கணக்கில் ஏறத்தாழ 54,000 பேர் அளவுக்கான வேலையை வெளியாட்கள் செய்திருக்கிறார்கள். செலவு 2,080 கோடி டாலர். இதில் ஏஜென்சி ஊழியர்களோடு ஆலோசனை நிறுவனங்களும் வெளிச்சேவை நிறுவனங்களும் அடக்கம்.

இதன் விலையைப் பொதுமக்களும் கொடுத்தார்கள். முன்னாள் படைவீரர்களின் கோரிக்கை மனுக்களைக் கையாளும் துறை ஏஜென்சி ஆட்களையே பெரிதும் நம்பியிருந்தது. படைவீரர் தற்கொலைகளை விசாரிக்க அரசு அமைத்த உயர்நிலை விசாரணைக் குழுவான ராயல் கமிஷன் 2022 ஆகஸ்ட்டில் இடைக்கால அறிக்கை தந்தபோது, அந்த ஆண்டு மே இறுதியில் 41,799 மனுக்கள் தேங்கிக் கிடந்ததைச் சுட்டிக்காட்டியது. ஒருவர் வேலையைப் பழகி முடிப்பதற்குள் ஒப்பந்தம் முடிந்துபோனால், அடுத்தவர் முதல் எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். மறுமுனையில் காத்திருப்பவர் காயம்பட்ட ஒரு மனிதர்.

புதிய சட்டம் என்ன சொல்கிறது?

அரசாங்கமே 'ஓட்டைகளை அடைத்தல்' என்று பெயரிட்ட திருத்தச் சட்டம் 2023 டிசம்பர் 7 அன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நாட்டின் முதன்மைத் தொழிலாளர் சட்டமான ஃபேர் வொர்க் சட்டத்தில் அது ஒரு புதிய பகுதியைச் சேர்த்தது. சாரம் இதுதான்: ஓர் அலுவலகம் தன் சொந்த ஊழியர்களுக்காகக் கூட்டு ஒப்பந்தம் செய்து ஊதியம் நிர்ணயித்திருக்கிறது என்றால், அதே வேலைக்கு ஏஜென்சி வழியாக வருபவருக்கு அதைவிடக் குறைவாகக் கொடுக்கக் கூடாது என்று, வேலை தொடர்பான வழக்குகளைத் தீர்க்கும் ஃபேர் வொர்க் கமிஷன் உத்தரவிட முடியும். உத்தரவுகள் 2024 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வரலாம் என்று சட்டம் சொன்னது.

மத்திய அரசும் அதன் அமைப்புகளும் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. சுரங்கமும் விமான நிறுவனமும் செய்தியில் அடிபடுவதால், இது தனியார் துறைக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

சட்டம்தான் வந்துவிட்டதே, சம்பளம் தானாக உயர்ந்துவிடாதா?

உயராது. என்னிடம் வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் இந்த இடத்தில்தான் ஏமாந்து நிற்கிறார்கள். சட்டம் தானாக யாருடைய சம்பளத்தையும் ஏற்றுவதில்லை. யாராவது விண்ணப்பிக்க வேண்டும். கமிஷன் விசாரிக்க வேண்டும். அந்த அலுவலகத்துக்கும் அந்த ஏஜென்சிக்கும் என்று குறிப்பிட்டு உத்தரவு வர வேண்டும். அதில் எழுதியிருக்கும் தேதியிலிருந்துதான் புதிய ஊதியம். உத்தரவு இல்லாத அலுவலகத்தில் பழைய நிலையே தொடரும். பக்கத்துக் கட்டடத்துக்கு வந்த உத்தரவு உங்களுக்கு ஒட்டாது.

முதல் உத்தரவு 2024 ஜூலையில் வந்தது, குயின்ஸ்லாந்தின் கலைட் நிலக்கரிச் சுரங்கத்துக்கு. தொழிற்சங்கம் போய்க் கதவைத் தட்டியதால் வந்தது.

யார் விண்ணப்பிக்கலாம்?

ஏஜென்சி ஊழியர் தானே விண்ணப்பிக்கலாம். அந்த அலுவலகத்தின் நேரடி ஊழியர் விண்ணப்பிக்கலாம். தொழிற்சங்கமும் அலுவலகமும்கூட விண்ணப்பிக்கலாம். நேரடி ஊழியருக்கும் உரிமை இருப்பதைக் கவனியுங்கள். நிரந்தர வேலையில் இருக்கும் உங்கள் அண்ணனோ தோழியோ, தன் பக்கத்து இருக்கைக்காரருக்காக முன்னால் வரலாம். வேலை போய்விடுமோ என்ற அச்சம் அவர்களுக்குக் குறைவு.

தனியாகச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. மத்திய அரசுப் பணியாளர்களின் சங்கமான சிபிஎஸ்யூ ஏஜென்சி ஊழியர்களையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்கிறது. சங்கம் விண்ணப்பித்தால், காகிதத்தின் தலைப்பில் உங்கள் பெயர் இருக்காது.

எங்கள் அலுவலகத்தை ஒரு கம்பெனி மொத்தமாக நடத்துகிறது. நாங்களும் இதில் சேர்த்தியா?

சட்டத்தின் மிகச் சிக்கலான இடம் இது, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். ஆளை அனுப்புவது வேறு, சேவையை வழங்குவது வேறு என்று சட்டம் பிரிக்கிறது. சேவைதான் வழங்கப்படுகிறது என்று கமிஷன் கருதினால் உத்தரவு கிடைக்காது. அரசின் தொலைபேசி அழைப்புகளைத் தன் சொந்தக் கட்டடத்தில், தன் சொந்தக் கணினியில், தன் மேற்பார்வையாளர்களை வைத்து ஒரு நிறுவனம் கவனித்துக்கொண்டால், அது "நாங்கள் சேவை நிறுவனம்" என்றுதான் வாதாடும்.

ஆனால் பெயர்ப்பலகையை வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். கமிஷன் பார்க்க வேண்டியவற்றைச் சட்டமே சொல்லியிருக்கிறது: வேலை நடக்கும் விதத்தில் உங்கள் நிறுவனத்துக்கு எவ்வளவு ஈடுபாடு, உங்களை மேற்பார்வையிடுவதும் கட்டளையிடுவதும் யார், பயன்படுத்தும் கணினி அமைப்பும் கருவிகளும் யாருடையவை, தொழில் தரங்களுக்குப் பொறுப்பேற்பவர் யார், அந்த வேலை எந்த அளவுக்குத் தனித் திறமை கேட்பது. பிஎச்பி சுரங்க நிறுவனம் தன் சொந்தத் துணை நிறுவனம் வழியாக ஆட்களை வைத்திருந்த வழக்கில், "இது சேவை" என்ற வாதத்தைக் கமிஷன் 2025 ஜூலையில் ஏற்கவில்லை.

ஆகவே ஒரு வாரம் குறிப்பு எழுதுங்கள். காலையில் கணினியைத் திறந்தால் எந்தத் துறையின் சின்னம் வருகிறது? உங்கள் அழைப்பைக் கேட்டு மதிப்பெண் போடுபவர் யாருடைய ஊழியர்? கணினி பழுதானால் யாருக்குப் போன் செய்கிறீர்கள்? பயிற்சி கொடுத்தவர் யார்? பிற்காலத்தில் நினைவிலிருந்து சொல்லும் பத்து வாக்கியங்களைவிட, அன்றன்று எழுதிய இரண்டு வரி பலமானது. அலுவலக ஆவணங்களை நகலெடுக்க வேண்டாம். அரசு ரகசியம் உங்களுக்கும் பொருந்தும். உங்கள் நாளைப் பற்றி உங்கள் சொந்தச் சொற்களில் எழுதினால் போதும்.

சம ஊதியம் என்றால் எதெல்லாம் சேரும்?

அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம், வார இறுதி மற்றும் ஷிப்ட் வேலைக்கான கூடுதல் தொகை, படிகள், ஊக்கத்தொகை, போனஸ் எல்லாம் சேரும். உத்தரவில் வரும் தொகை கீழ்வரம்பு மட்டுமே. இப்போதே அதைவிட அதிகம் வாங்குபவருக்கு அதைக் காரணம் காட்டிக் குறைக்க வேண்டியதில்லை.

சேராதவைதான் மனத்தை உறுத்துகின்றன. விடுப்பு சேராது. ஓய்வுக்கால நிதியான சூப்பரின் கூடுதல் பங்கும் சேராது. அரசுப் பணியாளருக்குப் பொதுவாக 15.4 சதவீதம் சூப்பர் கட்டப்படுகிறது. ஏஜென்சி சட்டப்படி கட்ட வேண்டியது 2025 ஜூலையிலிருந்து 12 சதவீதம். 80,000 டாலர் சம்பளம் என்று வைத்துக்கொண்டால் 12,320 ஒருவருக்கு, 9,600 மற்றவருக்கு. ஆண்டுக்கு 2,720 டாலர் வித்தியாசம். நோய் மற்றும் குடும்பப் பராமரிப்பு விடுப்பு அரசுப் பணியில் ஆண்டுக்கு 18 நாள். வெளியே சட்டம் உறுதி செய்யும் அளவு 10 நாள். கேஷுவல் ஊழியருக்கு, அதாவது நிலையான வேலை உறுதி இல்லாமல் மணிக்கணக்கில் கூலி வாங்குபவருக்கு, அதுவும் இல்லை.

எனக்கு இது உறைத்தது ஒரு டிசம்பர் மாதத்தில். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் எங்கள் பிரிவை மூடுவார்கள். நிரந்தர ஊழியர்களுக்கு அந்த நாட்களுக்கும் சம்பளம் உண்டு. மூடுவதற்கு முந்தைய நாள் பெரிய மேஜையில் கேக் வெட்டினார்கள். கழுத்தில் நீலப் பட்டை அணிந்தவர்கள் ஊருக்குப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பட்டை பச்சை. பச்சைப் பட்டைக்காரர்கள் நாங்கள் ஆறு பேர். ஜனவரி முதல் வாரத்து வாடகைக்கு என்ன செய்வது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த நீலப் பட்டைகளில் ஒருத்தி, நான் இரண்டு வாரம் பக்கத்தில் உட்கார வைத்து வேலை சொல்லிக் கொடுத்தவள். அவள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, நல்ல பெண். ஆனால் நம் வீடுகளில் பந்திவஞ்சனை என்று ஒரு சொல் உண்டு. ஒரே வரிசையில் உட்கார வைத்து ஒருவர் இலையில் ஒன்று, அடுத்தவர் இலையில் இன்னொன்று பரிமாறுவதை நம் பாட்டிமார் பாவம் என்றே சொன்னார்கள்.

நான் கேஷுவல். மணிக்கு நிரந்தர ஊழியரைவிட அதிகமாகவே வாங்குகிறேன். எனக்கு என்ன குறை?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிரந்தர ஊழியருக்கு மணிக்கு 38 டாலர், உங்களுக்கு 42 என்று வைத்துக்கொள்வோம். நான்கு டாலர் லாபம் போலத் தோன்றும். விடுப்பும் பாதுகாப்பும் இல்லாததற்கு ஈடாகக் கேஷுவல் ஊழியருக்கு 25 சதவீதம் கூட்டித் தர வேண்டும். 38-உடன் 25 சதவீதம் சேர்த்தால் 47.50. ஆக, மணிக்கு ஐந்தரை டாலர் உங்கள் கையை விட்டுப் போகிறது. உத்தரவு வந்தால் ஒப்பிட வேண்டியது இந்த 47.50-ஐத்தான்.

ஏபிஎன் என்ற தொழில் பதிவு எண் வைத்து, அல்லது சொந்தக் கம்பெனி வழியாக வேலை செய்கிறேன்.

அப்படியானால் இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. இது ஏஜென்சியின் ஊழியர்களுக்கானது. கான்பெர்ராவில் கணினித் துறை ஒப்பந்தக்காரர்களாக இருக்கும் நம்மவர் பலர் இந்த வகை. அவர்களில் சிலர் நிரந்தர ஊழியரைவிட நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். அது வேறு கதை. ஆனால் ஏஜென்சியே உங்களை ஏபிஎன் வாங்கச் சொல்லி, தொலைபேசி எடுக்கும் வேலைக்கோ கோப்பு பார்க்கும் வேலைக்கோ அனுப்பினால் உஷாராகுங்கள். ஊழியரை ஒப்பந்தக்காரர் என்று காட்டுவது சட்டவிரோதம்.

பக்கத்தில் இருப்பவரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்கலாமா? ஒப்பந்தத்தில் பேசக் கூடாது என்று இருக்கிறதே.

கேட்கலாம். சம்பளத்தைப் பற்றிப் பேசவும், பேசாமல் இருக்கவும் 2022 டிசம்பர் 7 முதல் ஊழியருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அதன்பின் போடும் ஒப்பந்தங்களில் சம்பள ரகசிய விதி சேர்ப்பது தடை செய்யப்பட்டிருக்கிறது.

உண்மையில் யாரையும் கேட்கவே தேவையில்லை. ஒவ்வொரு துறையின் கூட்டு ஒப்பந்தமும் பொது ஆவணம். துறையின் இணையதளத்திலும் கமிஷனின் தளத்திலும் கிடைக்கும். அதன் பின்னிணைப்பில் ஏபிஎஸ் (ஆஸ்திரேலிய அரசுப் பணி) நிலை 1 முதல் 6 வரை, மேலே நிர்வாக நிலைகள் என்று சம்பள அட்டவணை இருக்கும். 2023–24 பேச்சுவார்த்தையில் அரசுப் பணியாளர்களுக்கு மூன்று ஆண்டுகளில் 4, 3.8, 3.4 சதவீதம் என உயர்வு கிடைத்தது. அதே மூன்று ஆண்டுகளில் உங்கள் மணிக்கூலி எத்தனை முறை உயர்ந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

என் வேலை எந்த நிலைக்குச் சமம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஏஜென்சி முதலில் அனுப்பிய மின்னஞ்சலைத் தேடுங்கள். பெரும்பாலும் 'ஏபிஎஸ் 3', 'ஏபிஎஸ் 4' என்று அதிலேயே இருக்கும். இல்லாவிட்டால் உங்களோடு ஒரே வேலை செய்யும் நிரந்தர ஊழியரின் நிலை என்ன என்று பாருங்கள். நான்காம் நிலை வேலையை வாங்கிக்கொண்டு மூன்றாம் நிலைக் கூலி கொடுப்பது நான் கண்ணால் கண்டது.

கேட்டால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களா?

இந்த அச்சம் நியாயமானது. அதைத் தைரியப் பேச்சால் மூடிவிட எனக்கு விருப்பமில்லை. ஏஜென்சி ஊழியரை யாரும் "நீக்குவதில்லை". "திங்கள் முதல் வர வேண்டாம், அங்கே தேவை முடிந்துவிட்டது" என்று வெள்ளிக்கிழமை மாலை ஒரு போன் வரும். காரணம் எழுத்தில் இருக்காது.

சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. உங்கள் உரிமையைக் கேட்டதற்காக, அல்லது சங்கத்தில் சேர்ந்ததற்காக உங்களுக்குத் தீங்கு செய்வது சட்டவிரோதம், அபராதம் உண்டு. ஆனால் வேலை போனால் 21 நாட்களுக்குள் கமிஷனில் விண்ணப்பிக்க வேண்டும். நான் பார்த்தவர்களில் இரண்டு பேர் "ஏஜென்சி வேறு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறது" என்று காத்திருந்தே அந்த நாட்களைத் தொலைத்தார்கள். ஏஜென்சி தரும் நம்பிக்கை 21 நாள் கடிகாரத்தை நிறுத்தாது.

மூன்று மாத வேலைக்கும் சம ஊதியம் கிடைக்குமா?

மூன்று மாதத்துக்கு மிகாத குறுகிய கால ஏற்பாடுகளுக்கு விலக்கு உண்டு. பயிற்சி ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கும் அப்படியே. அந்தக் காலவரம்பை மாற்றும் அதிகாரம் கமிஷனுக்கு இருக்கிறது. உத்தரவிலிருந்து தப்பிக்கவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுவது போன்ற தந்திரங்களைச் சட்டம் தனியாகத் தடை செய்கிறது.

உத்தரவுக்கு முந்தைய காலத்துக்குப் பாக்கி கேட்கலாமா?

முடியாது. உத்தரவு பின்னோக்கிப் போவதில்லை. அதனால்தான் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம். ஆனால் உங்களுக்கு ஏற்கெனவே சட்டப்படி உரிய அவார்டு ஊதியமோ (அந்தத் தொழிலுக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம்) ஓவர்டைமோ குறைத்துக் கொடுக்கப்பட்டிருந்தால், அது தனி விஷயம். ஆறு ஆண்டுகள் வரை திரும்பிப் போய்க் கேட்கலாம்.

மாநில அரசு வேலைக்கு?

பெரும்பாலான மாநில அரசுப் பணிகள் அந்தந்த மாநிலத்தின் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகின்றன. நான் இங்கே எழுதியிருப்பது மத்திய அரசுத் துறைகளைப் பற்றி.

இதே இருக்கையில் நிரந்தரமாக முடியுமா?

முடியும், ஆனால் தானாக அல்ல. 1999-ஆம் ஆண்டின் அரசுப் பணிச் சட்டப்படி நியமனம் தகுதிப் போட்டியின் வழியே நடக்க வேண்டும். எத்தனை ஆண்டு அந்த இருக்கையில் இருந்தாலும், விளம்பரம் வந்து, விண்ணப்பித்து, தேர்வாக வேண்டும். செய்த வேலையைப் பற்றிப் பேச உங்களிடம் நிறையவே இருக்கிறது என்பது மட்டும் சாதகம். மையமான அரசுப் பணிகளை அரசு ஊழியர்களே செய்ய வேண்டும் என்று 2023 அக்டோபரில் அரசு ஒரு வழிகாட்டு நெறி வெளியிட்டது. அதன் பிறகு சில இருக்கைகளுக்கு விளம்பரம் வருகிறது, கண் வைத்திருங்கள்.

நம்மவரைத் தடுப்பது பெரும்பாலும் குடியுரிமை. அரசுப் பணிக்கு ஆஸ்திரேலியக் குடியுரிமை வேண்டும். துறைத் தலைவர் விலக்கு அளிக்கலாம் என்றாலும் அது அரிது. நிரந்தர வதிவிட விசாவில் இருப்பவர்களுக்குத் திறந்திருந்த முக்கிய வாசல் ஏஜென்சி என்பதால்தான் இத்தனை தமிழர்கள் அங்கே இருக்கிறோம். அதனால் நம் உழைப்பு மலிவாகிவிடாது.

கேஷுவலாக இருப்பவர்கள் ஆறு மாதத்துக்குப் பிறகு நிரந்தரமாக்கும்படி கேட்கலாம் என்ற விதி 2024 ஆகஸ்ட்டில் வந்தது. அது உங்களை ஏஜென்சியில் நிரந்தரமாக்கும், அரசில் அல்ல. இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

சம ஊதியம் கொடுத்தால் வரிப்பணம் கூடுதலாகச் செலவாகாதா?

ஏஜென்சி இலவசமாக ஆள் அனுப்புவதில்லை. உங்கள் கூலியோடு அதன் பங்கையும் சேர்த்து அரசு ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறது. 10,000 டாலருக்கு மேற்பட்ட துறை ஒப்பந்தங்கள் ஆஸ்டெண்டர் என்ற அரசுத் தளத்தில் வெளியிடப்படுகின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். குறைந்த கூலிக்கு ஆள் கிடைப்பதுதான் இந்த ஏற்பாட்டின் கவர்ச்சி என்றால், அந்தக் கவர்ச்சி போவது நல்லதே. அரசு நேரடியாகவே ஆளை எடுத்துக்கொள்ளட்டும்.

இன்று வீட்டுக்குப் போய் நான் என்ன செய்ய வேண்டும்?

கடைசி மூன்று சம்பளச் சீட்டுகளை எடுங்கள். துறையின் கூட்டு ஒப்பந்தத்தின் சம்பள அட்டவணையைத் திறங்கள். ஆண்டுச் சம்பளத்தை 52-ஆல் வகுத்து, வந்ததை வார வேலை நேரத்தால் வகுத்தால் மணிக்கூலி தெரியும். கேஷுவல் என்றால் 25 சதவீதம் கூட்டுங்கள். வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு சங்கத்துக்குப் போன் செய்யுங்கள். உங்கள் அலுவலகத்துக்கு விண்ணப்பம் ஏதும் நடக்கிறதா என்று முதலில் கேளுங்கள். குயின்ஸ்லாந்து, விக்டோரியா, கான்பெர்ராவில் இருந்தால், உங்கள் ஏஜென்சி உரிமம் பெற்றதா என்று அந்தந்த அரசின் பதிவேட்டில் பாருங்கள்.

ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் 131 450 என்ற எண்ணில் அரசின் மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, "தமிழ்" என்று சொல்லி, தொழிலாளர் உரிமைப் புகார்களைக் கவனிக்கும் ஃபேர் வொர்க் ஒம்புட்ஸ்மன் அலுவலகத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். பேசும்போது சம்பளச் சீட்டு கையில் இருக்கட்டும். உங்களுக்குச் சம்பளம் போடும் நிறுவனத்தின் ஏபிஎன் எண் அந்தச் சீட்டில் இருக்கும்.